குடிபுகும் இடமும் அயலாரும்

மனிதன் தன் வாழ்நாளில் செய்யும் செலவுகளுள் தலையாயது வீட்டுக்குச் செய்யும் செலவேயாகும். வீட்டைக் கட்டிப்பார், கலியாணம் பண்ணிப்பார் என்று நம் முன்னோர் சொல்லி வைத்ததும் அதன் பாரத்தை உணர்ந்தே. ஆயினும் அவர்கள் கட்டுவதைப் பற்றிச் சொன்னார்களேயன்றி, எங்கே கட்டுவது, யாருக்குப் பக்கத்தில் கட்டுவது என்பதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியம் அக்காலத்தில் இருக்கவில்லை. எந்தத் தெருவில் ஒருவன் பிறந்தானோ அந்தத் தெருவிலேயே அவனுக்கு வீடு. வேறு தெருவில் குடியேற அவன் விரும்பினாலும் அத்தெருவார் இடங்கொடார். இடத்தைத் தெரிந்தெடுக்கும் உரிமையற்றவனுக்கு இடத்தைப் பற்றிய தர்மசங்கடமும் இல்லை. இன்று நம்மவரில் பலருக்கு அவ்வுரிமை வந்திருக்கிறது. கூடவே சங்கடமும் வந்து சேர்ந்திருக்கிறது. பழக்கமில்லாத புறநகர் ஒன்றில், முகமறியாத மக்களுக்கு நடுவில், வாழ்நாள் சேமிப்பைப் போட்டு ஒரு வீட்டை வாங்கலாமா, கூடாதா? இது வெறும் கணக்கு விஷயமே என்று சொல்வோர் உளர். நானும் ஒரு தோட்டத்துக் கிராணிதான்; கணக்கெழுதியே பிழைப்பவன். ஆனால் கணக்கு முடிந்த பிறகும் இதில் பாக்கி நிற்பது ஒன்றுண்டு என்பதும், அது நியாய அநியாயத்தைச் சார்ந்தது என்பதும் எனது அபிப்பிராயம்.

விஷயத்தை ஆகாயத்தில் வைத்துப் பேசாமல் கைக்கு அருகில் உள்ள ஒன்றை எடுத்துக்கொள்வோம். என் தமக்கையார் குடும்பம் சிங்கப்பூரில், சிராங்கூன் ரோட்டை அடுத்த ஒரு சந்தில் பல ஆண்டுகளாக வாடகைக்கு இருந்துவருகிறது. கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். பள்ளி செல்லும் பிள்ளைகள் இருவர். அப்பிள்ளைகளை வளர்ப்பதற்காக ஜொகூர்த் தோட்டத்தை விட்டுச் சென்று அங்கேயே தங்கிவிட்ட எங்கள் தாயார் ஒருவர். வாடகை ஏற ஏற, இனிச் சொந்தமாக வாங்கிவிடுவதே மேல் என்று தீர்மானித்துப் பல இடங்களைப் பார்த்தார்கள். தேக்காவுக்கு அருகிலுள்ளவை கைக்கு எட்டவில்லை. எட்டியது பொங்கோலில் ஒரு நான்கறை வீடு. கணக்குப் போட்டுத் தரும்படி என்னைக் கேட்டார்கள், போட்டேன். தவணையில் பெரும்பகுதி மத்திய சேமநிதியிலிருந்தே அடைபடும். தொண்ணூற்றொன்பது ஆண்டுக் குத்தகையில் எண்பதுக்கு மேல் பாக்கியிருக்கிறது. லிட்டில் இந்தியா நிலையத்தில் வடகிழக்குப் பாதை ரயிலில் ஏறினால் பத்தாவது நிலையம் பொங்கோல். வண்டி மாற வேண்டியதில்லை. கணக்கில் ஆட்சேபணை ஒன்றுமில்லை. என் தாயார் மட்டும், "அங்கே நம்மவர்கள் யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டார். இவ்வியாசம் அந்த ஒரு கேள்வியைப் பற்றியதே.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இக்கேள்வி மற்றவர்களைக் காட்டிலும் ஆழமாகத் தைக்கும். தோட்டத்தில் வீடு என்பது வேலையின் நிழல். பால்மரம் வெட்டுகிறவனுக்கு லயத்தில் ஒரு கதவு. மண்டோருக்கு லயத்துக் கோடியில் சற்றே பெரிய கதவு. கிராணிக்கு மேட்டில் ஒரு தனி வீடு. துரைக்கு அதற்கும் மேலே பங்களா. வேலை உள்ளவரையில் கதவு உண்டு. வேலை போனால், அல்லது வயதாகி ஓய்வு பெற்றால், சாமான்களை லாரியில் ஏற்ற வேண்டியதுதான். நான் இன்று குடியிருக்கும் வீடும் அத்தகையதே. அதன் சாவி என் இடுப்பில் இருக்கிறதேயன்றி வீடு என்னுடையதன்று. இப்படிப்பட்ட வாழ்க்கையில் அயலாரைத் தெரிந்தெடுப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. அக்காலத்தில் கங்காணி கூட்டி வந்த கூட்டம் எதுவோ, அதன் பிள்ளைகளும் பேரர்களுமே அயல். ஆயினும் ஒன்று சொல்ல வேண்டும். வீடு நமதல்லாதிருந்த அவ்வாழ்க்கையில் அயலார் மட்டும் நமதாயிருந்தனர். அடுப்புக்கு நெருப்பும், பிள்ளையின் காய்ச்சலுக்குக் கஷாயமும், சாவுக்குத் தோளும் பக்கத்துக் கதவிலிருந்தே வந்தன. ஆகவே தோட்டத்து மனிதரிடம் வீடு என்று சொன்னால், அவர் மனம் முதலில் பக்கத்துக் கதவையே நினைக்கிறது. என் தாயார் கேட்டது இந்த அர்த்தத்திலேதான்.

ஆனால் பக்கத்துக் கதவு நம்மைக் காப்பாற்றியதா? 1950-களின் பிற்பகுதியில் மலாயாவில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தங்கள் ரப்பர்த் தோட்டங்களைத் துண்டு துண்டாக்கி விற்கத் தொடங்கியபோது, லயம் முழுவதும் ஒரே நாளில் வீடற்றதாயிற்று. கடன் கொடுத்த அயலாரும் கடன் வாங்கியவரும் ஒரே லாரியில் ஏறினர். அதைக் கண்டே 1960ல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஏற்படுத்தி, தொழிலாளரிடம் மாதம் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் திரட்டித் தோட்டங்களையே விலைக்கு வாங்க முற்பட்டார். சிங்கப்பூரிலும் இக்கதை நடந்ததே. செம்பவாங் கடற்படைத் தளத்தில் ஆயிரக்கணக்கான தமிழரும் மலையாளிகளும் வேலை செய்து, தளத்துக்குச் சொந்தமான குடியிருப்புகளில் வாழ்ந்தனர். அங்கே கோயிலுண்டு, கடையுண்டு, நாடகமுண்டு. பிரிட்டிஷ் அரசாங்கம் படைகளை விலக்கிக்கொள்வதாக 1968 ஜனவரியில் அறிவித்து 1971ல் அதை முடித்தபோது, குடியுரிமை பெறாதிருந்தவர்களில் பலர் கிடைத்த தொகையை வாங்கிக்கொண்டு இந்தியாவுக்குக் கப்பலேறினர். எஞ்சியோர் புதிய அடுக்குமாடிகளுக்குப் பிரிந்து போயினர். கன்பரா சாலைப் பக்கமிருந்த பாலசுப்பிரமணியர் கோயிலும் 1990-களில் ஈசூன் தொழிற்பேட்டைக்குப் பெயர்ந்தது. நம்மவர் நிறைந்திருந்தும் நிலம் நம்முடையதாயில்லாவிடில், அந்த நெருக்கம் எவனோ ஒருவன் போடும் ஒரு கையெழுத்தில் கலைந்துவிடக்கூடியதே. ஆதலின் சொந்தமாக ஒரு வீடு வேண்டும் என்பதில் நாம் தயங்க வேண்டியதில்லை. எங்கே என்பதே மீதமுள்ள வினா.

இங்கே ஒரு விசித்திரத்தைக் கவனிக்க வேண்டும். நம்முடைய இடம் என்று நாம் இன்று சொல்லும் சிராங்கூன் ரோடு, தொடக்கத்தில் நம்முடையதாக இருந்ததா? நம் முன்னோர் அவ்விடத்தைச் சுண்ணாம்புக் கம்பம் என்று அழைத்தனர். சுண்ணாம்புக் காளவாய்கள் அங்கே இருந்தமையால் வந்த பெயர் அது. வீரமாகாளியம்மன் கோயிலையும் சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில் என்றே சொல்லி வந்தனர். 1840-களில் அதன் அருகே வெள்ளைக்காரர்கள் குதிரைப் பந்தயம் ஓட்டினார்கள். 1933ல் அப்பந்தயம் புக்கிட் தீமாவுக்குப் போய்விட்டது. ரேஸ்கோர்ஸ் ரோடு என்ற பெயர் மட்டும் மிச்சம். எருமையும் மாடும் கட்டிய தொழுவங்களின் ஞாபகமாகப் பஃபலோ ரோடும் கெர்பாவ் ரோடும் நிற்கின்றன. தேக்கா என்று நாம் உரிமையோடு சொல்கிறோமே, அது சீனரின் ஹொக்கியன் மொழிச் சொல். சிறு மூங்கில்களின் அடி என்று பொருள்படும். அதே கெர்பாவ் ரோட்டில் இன்றும் வண்ணம் பூசி நிற்கும் பழைய மாளிகை, மிட்டாய் வியாபாரம் செய்த டான் டெங் நியா என்ற சீனருடையது. பள்ளிவாசலும், கிறிஸ்தவ தேவாலயமும், புத்தர் கோயிலும் அந்த வட்டாரத்தில் கூப்பிடு தூரத்தில் உள்ளன. லிட்டில் இந்தியா என்ற பெயரோ 1980-களில், பெரும்பாலும் உல்லாசப் பிரயாணிகளை உத்தேசித்து வழக்குக்கு வந்தது. அந்தப் பெயர் வந்த காலத்தில் அங்கே பிறந்து வளர்ந்த தமிழர்களில் பலர் அடுக்குமாடி நகரங்களுக்குக் குடிபெயர்ந்துவிட்டிருந்தனர் என்பது வேடிக்கை!

முதன்முதல் அந்தச் சுண்ணாம்புக் காளவாய்க்கு வேலைக்கு வந்த தமிழன், அங்கே நம்மவர் யார் இருக்கிறார்கள் என்று கேட்டுத் திரும்பிப் போயிருந்தால் இன்று நாம் விட்டுப்பிரிய வருந்தும் சிராங்கூன் ரோடு ஏது? இன்னொன்றையும் சொல்கிறேன். அந்தச் சிராங்கூன் ரோடு வடகிழக்கே போய் மேல் சிராங்கூன் ரோடாகிறது. அதிலிருந்து பிரிவதே பொங்கோல் ரோடு. பன்றிப் பண்ணைகளும், கோழிப் பண்ணைகளும், மீனவர் குடிசைகளுமாயிருந்த அந்த முனையைப் புதிய நகரமாக்கும் திட்டம் 1996ல் அறிவிக்கப்பட்டது. அங்கே எல்லோருமே புதியவர்கள். யாருக்கும் பாட்டன் காலத்து உரிமை இல்லை.

நிற்க. "நம்மவர்" என்ற சொல்லையும் சற்றுப் பிரித்துப் பார்ப்பது நல்லது. மார்க்கெட் ஸ்திரீட்டில் செட்டியார்களுக்குக் கிட்டங்கிகள் இருந்தன. தஞ்சோங் பகாரில் கடையநல்லூர், தென்காசி முஸ்லிம்கள் சேர்ந்து வாழ்ந்து 1946ல் உமறுப் புலவர் பெயரால் ஒரு தமிழ்ப் பள்ளியையே நடத்தத் தொடங்கினர். துறைமுகக் கூலிகளுக்கு ஒரு பக்கம், நகரசபைத் துப்புரவுத் தொழிலாளருக்கு வேறொரு பக்கம். இவர்களெல்லாம் சேர்ந்த ஒரு "நம்மவர்" இருந்ததாக நாம் இன்று நினைத்துக்கொள்கிறோம். அன்று ஒரு பக்கத்தான் மறு பக்கத்தானை அப்படி நினைக்கவில்லை. எந்தக் கடையில் எந்தக் குவளையில் தேநீர் என்ற பேதம் கடல் கடந்தும் வந்தது. லயத்திலும் இதுவே கதை. மேட்டு வீட்டுக் கிராணிகள் பலர் லயத்துப் பிள்ளைகளைத் தம் வாசற்படி ஏற விட்டதில்லை. அயலார் அனைவரும் தமிழரே என்பதனால் கதவுகள் தாமாகத் திறந்துவிடவில்லை. அவற்றைத் திறக்கப் பல ஆண்டுகள் பாடுபட வேண்டியிருந்தது. அப்படியிருக்க, நம்மவர் பக்கத்தில்தான் குடியிருப்போம் என்னும்போது எந்த நம்மவரைச் சொல்கிறோம் என்று நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டாமா?

இதைவிடக் கசப்பான ஒன்றுண்டு. என் அத்தானும் தமக்கையும் மணமான புதிதில் வாடகைக்கு அறை தேடியபோது, ஒரு வீட்டுக்காரர் தொலைபேசியில் அன்பாகப் பேசி, வாடகையும் பேசி முடித்து, கடைசியில் பெயரைக் கேட்டார். பெயரைச் சொன்னதும் அறை வேறொருவருக்குக் கொடுத்தாயிற்று என்றார். இந்தியருக்கு இல்லை என்று விளம்பரத்திலேயே போட்டுவிடுகிறவர்களும் அங்கே இருந்தனர்; அவ்வாறான விளம்பரங்களைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதியும் இருக்கின்றன. எண்ணெய் வாசனை, மசாலை வாசனை என்று அவர்கள் காரணம் சொல்வர். அந்த வீட்டுக்காரர் கேட்டதும் இதே கேள்விதானே? என் பக்கத்தில் வரப்போகிறவன் என்னவனா என்றுதானே கேட்டார்? அவர் கேட்டபோது அது அநியாயம். நாம் கேட்கும்போது அது பாசமா?

இக்கேள்வியைக் கேட்டுவிட்டு ஓடிவிடுதல் நேர்மையல்ல. இரண்டும் ஒன்றே என்று சாதிப்போரோடு நான் முழுவதும் உடன்படுகிறவன் அல்லன். வீட்டுக்காரர் கேட்டது கதவைச் சாத்துவதற்கு. என் தாயார் கேட்டது தமக்குக் கதவு திறக்குமா என்ற பயத்தினால். பலமுடையவன் இனம் பார்ப்பதும் பலமற்றவன் துணை தேடுவதும் ஒரே தராசில் நிறுக்கத்தக்கவை அல்ல. நூற்றுக்கு ஒன்பது பேராக உள்ள ஒரு சமூகத்தார் தங்கள் மொழி காதில் விழும் இடத்தை நாடுவதை இனவெறி என்று பெயரிட்டு வாயடைப்பது, அடிபட்டவனைப் பார்த்து ஏன் கையை மறைத்துக்கொள்கிறாய் என்று கேட்பது போன்றது. ஆயினும், பயத்தில் பிறந்தாலும் வேறு எதில் பிறந்தாலும், அவரவர் அவரவர் கூட்டத்தை நாடிக்கொண்டே போனால் முடிவு ஒன்றுதான். தாமஸ் ஷெல்லிங் என்ற அமெரிக்கப் பொருளியல் அறிஞர் 1971ல் இதைச் சதுரங்கப் பலகை போன்ற ஒன்றில் இருவகைக் காசுகளைப் பரப்பி விளக்கினார். எந்தக் காசும் மறுவகைக் காசை வெறுப்பதில்லை. தன்னைச் சுற்றிலும் மூன்றில் ஒரு பங்காவது தன் வகை இருந்தால் போதும் என்ற சிறிய ஆசை மட்டும் அதற்குண்டு. அந்தச் சிறிய ஆசையின்படி ஒவ்வொன்றாக இடம் மாற்றிக்கொண்டே போனால், சிறிது நேரத்தில் பலகை இரண்டு கூட்டங்களாகப் பிளந்து நிற்கிறது. எவரும் விரும்பாத பிளவை எல்லோருமாகச் சேர்ந்து உண்டாக்கிவிடுகிறார்கள். 2005ல் நோபல் பரிசு பெற்ற இவ்வறிஞரின் காசுகள், பெரிய பெரிய உபதேசங்களைவிட எனக்குத் தெளிவாகப் பேசுவதாகத் தோன்றுகிறது.

சிங்கப்பூர் அரசாங்கம் இதை மனிதர் இஷ்டத்துக்கு விட்டுவிடவில்லை. 1960ல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தோன்றியது. 1964ல் வாடகை வீட்டாரைச் சொந்தக்காரராக்கும் திட்டம் வந்தது. 1968 முதல் சேமநிதிப் பணத்தை வீட்டுக்குச் செலுத்த வழி பிறந்தது. அதன்பின் இருபது ஆண்டுகளில் மக்கள் மீண்டும் இனவாரியாக ஒன்றுசேரத் தொடங்கியதைக் கண்டு, 1989 மார்ச் முதல் இன ஒருங்கிணைப்புக் கொள்கை அமலுக்கு வந்தது. அதை அறிவித்த தேசிய வளர்ச்சி அமைச்சர் எஸ். தனபாலன் நம் இனத்தவரே. ஒரு புளோக்கில் சீனர் நூற்றுக்கு 87, மலாய்க்காரர் 25, இந்தியரும் பிறரும் சேர்ந்து 15 என்ற அளவை மீறக்கூடாது. இந்தியர் அளவு முதலில் 13 ஆக இருந்து 2010ல் உயர்த்தப்பட்டது. இதன் பயனாகத் தனியே ஓர் இனத்துக்கென்று ஒரு வட்டாரம் அங்கே இல்லை. என் தாயார் கேட்ட கேள்விக்குச் சட்டமே ஒரு பதில் சொல்கிறது: பொங்கோலிலும் நம்மவர் கொஞ்சம் பேர் நிச்சயமாக இருப்பர், எங்கே போனாலும் கொஞ்சம் பேரே இருப்பர்.

இச்சட்டத்தை நான் நல்லதென்றே கருதுகிறேன். ஆனால் நல்ல சட்டத்தின் பாரமும் எல்லோர் தோளிலும் சமமாக ஏறுவதில்லை. ஒரு புளோக்கில் சீனருக்கான அளவு நிரம்பிவிட்டால், அங்குள்ள சீனர் தம் வீட்டை யாருக்கும் விற்கலாம். அங்குள்ள தமிழரோ சீனருக்கு விற்க முடியாது. வாங்க வருவோரில் பெரும்பாலோர் சீனராக இருக்கும் நாட்டில், தமிழர் வீட்டுக்கு வாங்குவோர் குறைவு. குறையவே விலையும் தாழ்கிறது. ஒரே மாடி, ஒரே அளவு, ஒரே குத்தகை. விற்பவர் பெயரைப் பொறுத்து விலை வேறு! கலந்து வாழ்வதன் நன்மை நாடு முழுவதற்கும் கிடைக்க, அதற்கான கிரயத்தைச் சிலர் தம் கைப்பணத்திலிருந்து கொடுக்கின்றனர். இக்குறை பாராளுமன்றத்திலும் பேசப்பட்டது. அவ்வாறு விற்க இயலாமல் தவிப்போரின் வீட்டைச் சில நிபந்தனைகளோடு கழகமே வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு 2022ல் வந்தது. அது ஓரளவு ஆறுதலே. ஆகவே சிறுபான்மையோராகிய நாம் அங்கே வீடு வாங்கும்போது, லாபத்துக்கு விற்கும் எண்ணத்தோடு வாங்குதல் கூடாது. இருந்து வாழ்வதற்கென்றே வாங்குதல் வேண்டும். இதைக் கணக்கெழுதும் கிராணியாகவும் சொல்கிறேன்.

சட்டத்துக்கு எட்டாதது மற்றொன்று. சட்டம் கதவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறது. அவற்றைத் திறந்து வைப்பது அதன் கையில் இல்லை. வீட்டைப் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை மாலையில் போகிறார்கள். அப்போது கீழ்த்தளத்தில் பிள்ளைகள் விளையாடுவர், கடைகளில் கூட்டமிருக்கும், எல்லாம் கலகலப்பாகத் தோன்றும். நான் அத்தானிடம் சொன்னது, புதன்கிழமை காலை பத்து மணிக்குப் போய்ப் பாருங்கள் என்பதே. ஏனெனில் அந்நேரத்தில் அத்தான் துறைமுகத்தில் இருப்பார். தமக்கை அலுவலகத்தில் இருப்பார். பிள்ளைகள் பள்ளியில் இருப்பார்கள். பத்து மணிக்கு அவ்வீட்டில் இருக்கப்போகிறவர் ஒருவரே. அவர் பெயர் பத்திரத்திலும் இல்லை, சேமநிதிக் கணக்கிலும் இல்லை, தரகர் கையிலுள்ள எந்தக் காகிதத்திலும் இல்லை. குடும்பம் புதிய இடத்துக்குப் போகிறது என்று நாம் பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். உண்மையில் அத்தானுக்கு அதே வேலை, அதே சிநேகிதர்கள். பிள்ளைகளுக்கு ஒரு மாதத்தில் தோழர்கள் கிடைத்துவிடுவர். அந்நியத்தனம் முழுவதையும் சுமக்கப்போகிறவர் எழுபது வயதைக் கடந்த ஒரு தாய். தினம் காலையில் தேக்கா சந்தைக்கு நடந்து போய், கீரைக்காரரோடு விலைபேசி, கோயிலில் ஒரு கும்பிடு போட்டு, திரும்பும் வழியில் நாலு பேரோடு நாலு வார்த்தை பேசிவிட்டு வருகிறவர் அவர். அந்த நாலு வார்த்தைக்கு எந்தத் தவணைக் கணக்கில் பத்தி இருக்கிறது?

கலந்து வாழ்தல் நல்லதென்று நம்பும் நாம், அந்தக் கொள்கைக்குரிய விலையை நம் தாயாரைக் கேளாமல் அவர் தலையில் கட்டிவிடுவது எந்த நியாயம்? யாராவது ஒருவர் முதலில் போய்த்தான் ஆக வேண்டும். சுண்ணாம்புக் கம்பத்துக்கும் ஒருவன் முதலில் போனான். ஆனால் அவன் தானாகப் போனான், அல்லது வயிறு அவனைக் கொண்டுபோயிற்று. அவனுடைய கிழவியை அவன் முன்னே அனுப்பவில்லை. கொள்கைக்காகத் தான் கஷ்டப்படுவது தியாகம். பிறரைக் கஷ்டப்பட வைப்பதற்கு வேறு பெயருண்டு. இந்த ஒரு விஷயத்தில் நம் சீர்திருத்தக்காரர்களில் சிலரும் போதிய கவனம் செலுத்தியதில்லை என்றே சொல்வேன். மேடையில் பேசுகிறவர் வேறு, அதன்படி வீட்டில் நடக்க வேண்டியவள் வேறு என்ற நிலை நம்மிடையே நெடுங்காலம் இருந்து வந்திருக்கிறது.

ஆகையால் தாயாரின் சம்மதத்தைக் கேட்காமல் வாங்கவேண்டாம் என்று எழுதினேன். கேட்டார்கள். அவரை ஒரு புதன்கிழமை காலை அழைத்தும் போனார்கள். அங்கே பெரிய அதிசயம் ஒன்றும் நடந்துவிடவில்லை. மின்தூக்கியருகே ஒரு சீனக் கிழவி இவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பேசாமல் போய்விட்டாராம். மூன்றாவது வீட்டு மலாய் அம்மாள் மட்டும் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, புதிதாக வரப்போகிறவர்களா என்று மலாயில் கேட்டாராம். என் தாயாருக்கு ஆங்கிலம் ஓர் எழுத்தும் தெரியாது. ஆனால் தோட்டத்துச் சீனன் கடையில் நாற்பது ஆண்டு பற்று வைத்தவர் ஆதலால் பாசார் மலாய் தண்ணீர்பட்ட பாடு. இருவரும் செடியைப் பற்றிப் பேசினார்கள். என் தமக்கையின் பிள்ளைகள் அண்டை வீட்டாரோடு ஆங்கிலத்தில் பேசுவர். பாட்டியோ அவர்களுக்குத் தெரியாத ஒரு பாஷையில் பேசத் தொடங்கிவிட்டார். நம்மவர் என்றால் நம் மொழி பேசுவோரே என்று நினைத்திருந்த எங்களுக்கு, தோட்டத்திலேயே அவருக்கு நம்மவர் சற்று விரிந்திருந்தனர் என்பது அப்போதுதான் புலப்பட்டது. அடுத்த நிலையமான செங்காங்கில் வேல்முருகன் ஞானமுனீஸ்வரர் ஆலயம் இருப்பதையும் விசாரித்துக்கொண்டார். ஆனாலும் சம்மதத்தை அவர் இலவசமாகக் கொடுக்கவில்லை. வாரத்தில் இரண்டு நாள் தாம் தனியே ரயிலேறித் தேக்காவுக்குப் போய்வருவார், அதை யாரும் தடுக்கக்கூடாது. வீடு ரயிலடிக்கு நடந்து போகும் தூரத்தில் இருக்கவேண்டும். ஓராண்டு கழித்தும் மனம் ஒப்பாவிட்டால் என்னோடு தோட்டத்தில் வந்து இருந்துகொள்வார், அதைக் குடும்பச் சண்டையாக யாரும் எடுத்துக்கொள்ளக்கூடாது. இம்மூன்று நிபந்தனைகளும் எந்த வக்கீல் எழுதும் பத்திரத்தைக் காட்டிலும் நியாயமானவை என்று நான் ஒப்புக்கொண்டேன். என் கிராணி வீட்டுக் கதவு என்னுடையதல்ல என்றாலும், என் வேலை உள்ளவரை திறந்திருக்கும்.

எஞ்சி நிற்பது ஒன்று. அதைப் பற்றி எங்களுக்குள் இன்னும் வாதம் நடக்கிறது. அவ்வீட்டை விற்பவரும் ஒரு தமிழர். அந்தப் புளோக்கில் சீனருக்கான அளவு நிரம்பிவிட்டதாம். அவர் வேறோர் அடுக்குமாடி வீட்டை வாங்கிவிட்டபடியால், விதிப்படி ஆறு மாதத்துக்குள் இதை விற்றாக வேண்டும். அதில் பாதிக் காலம் போய்விட்டது. இன்னும் இரண்டு மாதம் சும்மா இருங்கள், விலை தானே இறங்கிவரும் என்று எங்கள் தரகர் சொல்கிறார். தரகர் சொல்வதில் சட்டவிரோதம் எதுவுமில்லை. அத்தானுக்குப் பணமும் மிகுதியில்லை. இரண்டு மாதத்தில் மிச்சமாகும் தொகை பிள்ளைகளின் படிப்புக்கு ஆகும்.

நான் இதை இரண்டாகப் பிரிக்கிறேன். இன்று அவருக்குள்ள தளை நாளை எங்களுக்கும் வரும். நாங்கள் விற்கும் காலத்தில் எங்களுக்கும் வாங்குவோர் குறைவாகவே இருப்பர். அத்தளையை நாங்கள் ஏற்றுக்கொள்வதற்காக விலையில் ஒரு பகுதி குறைவது நியாயமே; அதைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அவருடைய ஆறு மாதக் கெடுவை எண்ணி எண்ணிக் காத்திருந்து பிடுங்கும் தொகை வேறு வகையைச் சேர்ந்தது. அவருடைய சங்கடத்தைத் தவிர நாங்கள் அதற்கு ஈடாக எதையும் சுமக்கவில்லை. பெயரைக் கேட்டுவிட்டு அறை இல்லை என்றாரே அந்த வீட்டுக்காரர், அவர் எங்களுக்கு ஒரு கதவைச் சாத்தினார். இங்கே சாத்திய கதவுகளின் முன்னால் நிற்கும் ஒருவரிடம், ஒரே திறந்த கதவு நாங்கள்தான் என்று தெரிந்துகொண்டு பேரம் பேசுகிறோம். அதே புளோக்கில் சென்ற ஆண்டு விற்ற வீடுகளின் விலையைக் கழகமே பகிரங்கமாக வெளியிட்டிருக்கிறது. அப்பட்டியலை எடுத்து, மாடியும் அளவும் ஒத்த வீட்டின் விலையைப் பார்த்து, அதில் எங்களுடைய எதிர்காலத் தளைக்கென ஒரு சிறு தொகையைக் கழித்து, மிச்சத்தைச் சொல்லிவிடலாம் என்பது என் யோசனை. கழிக்கும் தொகை எவ்வளவு என்பதில் அத்தானுக்கும் எனக்கும் பதினைந்தாயிரம் வெள்ளி வித்தியாசம் இருக்கிறது. தமக்கை என் பக்கம். தாயார் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை விற்பவர் வீட்டிலேயே பேசுவதென்று ஏற்பாடாகியிருக்கிறது. தரகர் உடன் வரவேண்டாமென்று மட்டும் எல்லோரும் ஒப்புக்கொண்டிருக்கிறோம்.